அந்தச் சராசரி வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அத்தியாயம் 9

மார்ச் மாதத்தின் கடைசி நாள். பர்ன்லி நகரத்தில் அன்று காலை மழை பெய்யவில்லை. அதனாலேயே தெருவில் போனவர்கள் வானத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு போனார்கள்.

முப்பத்தோராம் எண் வீட்டின் சன்னலில் அந்த அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

‘குளிர்கிறதா? உள்ளே வாருங்கள். காலை பத்து முதல் மாலை நாலு வரை. தேநீர் உண்டு.’

ட்ரெவரின் கையெழுத்து. முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய மனிதர். அவர் எழுத்தும் பேருந்தின் நெற்றிப் பலகை மாதிரி, அடுத்த தெருவிலிருந்தே படிக்கும்படி இருக்கும்.

அந்த அட்டை வந்த கதை இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்று புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. போன நவம்பரில் ட்ரெவர் வானொலியில் ஒரு செய்தி கேட்டார். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது ஒரு சராசரி வீட்டுக்கு வருடத்துக்கு ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பவுண்ட். ட்ரெவர் துள்ளி எழுந்தார். “அதுக்கு மேல ஒரு பென்னி வாங்க முடியாது, க்ளெண்டா! சட்டமே சொல்லுது! அப்புறம் எதுக்கு ஊர் குளிர்ல நடுங்கணும்?”

வேறு ஒருவராக இருந்தால் தன் காலைச் சூடாக்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். ட்ரெவர் முன்னறை ஹீட்டரைத் திருகிவிட்டு, அட்டை எழுதி சன்னலில் மாட்டினார். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னார். சிலர் புன்னகைத்தார்கள். மலைமேல் தனியாக வாழும் அவருடைய அக்கா ஹேசல் மட்டும் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அது நவம்பர். இது மார்ச் முப்பத்தொன்று.

ட்ரெவரின் மனைவி க்ளெண்டா பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். ஈஸ்டர் விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். அடுப்புக்குள் சிலுவைக் குறி போட்ட ஈஸ்டர் பன்கள் உப்பிக்கொண்டிருந்தன. வானொலிக்காரி சொன்னாள்: “நாளையிலிருந்து புது உச்சவரம்பு. விலை ஏறுகிறது. இன்றைக்கே உங்கள் மீட்டர் எண்ணை அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் குளிர்காலத்தில் எரித்ததில் ஒரு பங்கை நாளைய விலையில் போட்டுவிடுவார்கள்.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற சடங்கு இது. அந்த ஒரு நாளில் நாடு முழுக்க மனிதர்கள் டார்ச் விளக்கோடு மாடிப்படிக்கு அடியில் தவழுவார்கள். க்ளெண்டாவின் வீட்டில் மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் தவழவில்லை.

“ட்ரெவர், மீட்டர் எண் அனுப்பினோமா?”

“எதுக்கு?” முன்னறையிலிருந்து குரல் வந்தது. “பில்லுக்குத்தான் கூரை போட்டாச்சே. மழை எவ்வளவு பெய்யுதுன்னு எதுக்கு அளக்கணும்?”

நல்ல பதில்தான். ஆனால் க்ளெண்டாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத ஒன்று பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவளை நாள் முழுக்க உறுத்தும். கோட்டுகள் தொங்கும் மாடிப்படி அடியில் குனிந்து, எண்களைக் கையிலேயே எழுதிக்கொண்டு, கேஸும் மின்சாரமும் தரும் கம்பெனிக்குத் தொலைபேசினாள்.

நாற்பது நிமிடம் வயலின் இசை. பன்களை வெளியே எடுத்து, பாகு தடவி, ஆறவும் வைத்துவிட்டாள். அப்புறம்தான் ஒரு பையன் பேசினான். பெயர் கேலம் என்றான். அவள் எண்களைச் சொன்னாள். அந்தப் பக்கம் சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும்.

“மேடம், இந்த எண் சரியா? மறுபடி ஒருதடவை சொல்றீங்களா?”

சொன்னாள்.

“நவம்பர்லேர்ந்து உங்க பில் எல்லாமே நாங்க உத்தேசமா போட்டது மேடம். போன வருஷம் நீங்க எரிச்சதை வச்சு. நீங்க ரொம்ப சிக்கனமான வீடு. இந்த வருஷம்...” கேலம் நாகரிகமான பையன். ஒரு வார்த்தை தேடினான். “இந்த வருஷம் கொஞ்சம் தாராளமா இருந்திருக்கீங்க.”

“இருக்கட்டும். உச்சவரம்பு இருக்கே?”

“அது உங்க பில்லுக்கு இல்ல மேடம். ஒரு யூனிட்டோட விலைக்குத்தான். அப்புறம், எரிச்சாலும் எரிக்காட்டியும் தினம் கட்டற நிலைக்கட்டணத்துக்கு. யூனிட்டை இந்த விலைக்கு மேல விக்கக்கூடாதுன்னு எங்களுக்குத்தான் வரம்பு. நீங்க எத்தனை யூனிட் எரிக்கிறீங்கங்கறதுக்கு வரம்பே கிடையாது.”

க்ளெண்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்ப ரேடியோல சொல்ற அந்த ஆயிரத்து எழுநூறு?”

“அது ஒரு சராசரி வீட்டோட வருஷக் கணக்கு மேடம். ஜனங்களுக்குப் புரியட்டும்னு சொல்றது.”

“யாரோட வீடு அது?”

“மேடம்?”

“அந்தச் சராசரி வீடுப்பா. யார் இருக்கா அதுல?”

இப்படி ஒரு கேள்வி கேலமுக்குப் பயிற்சியில் வந்ததில்லை. “ரெண்டு... மூணு பேர் இருக்கலாம் மேடம்.”

“ரெண்டா, மூணா? ஒருத்தர் வந்து வந்து போறாரா?”

“அப்படி ஒரு வீடு நிஜமா இல்ல மேடம். எல்லா வீட்டையும் கலக்கி எடுத்த கணக்கு.”

“பன் சுடுவாளா அந்த வீட்டுக்காரி?”

கேலம் சிரித்துவிட்டான். “எனக்குத் தெரிஞ்சு சுடமாட்டா மேடம்.”

“பாவம்” என்றாள் க்ளெண்டா. உண்மையாகவே சொன்னாள்.

கூடுதலாகக் கட்ட வேண்டியது அறுநூற்று நாற்பது பவுண்டுக்குப் பக்கத்தில் வரும் என்றான் கேலம். ஜனவரியிலும் ஒருமுறை விலை மாறியதாம். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எண் கையில் இருந்தால் கொஞ்சம் குறையலாம். இருக்கிறதா?

“இல்லப்பா” என்றாள் க்ளெண்டா.

ஜூன் மாதம் லேண்டுட்னோ கடற்கரையில் ஒரு வாரம் தங்க அவர்கள் சேர்த்திருந்த பணம் அவள் நினைவுக்கு வந்தது. ஆறு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம். அது போனால் போகட்டும். அவளை உறுத்தியது வேறொன்று. ட்ரெவர் இதை ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நம்பி யார் யார் வீட்டில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஹீட்டர் ஓடுகிறதோ?

முன்னறையில் ட்ரெவர் சபை நடத்திக்கொண்டிருந்தார். சபை என்றால் இருவர்தான். ஒருவர் வால்டர். எண்பதை நெருங்குகிறவர், மனைவியை இழந்தவர், பழைய கேஸ் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர். தினமும் சொந்தக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு சரியாகப் பத்து மணிக்கு வருவார். இன்னொருத்தி பக்கத்து வீட்டு நஸ்ரீன். மடியில் எட்டு மாதக் குழந்தை யூசுஃப். சுடுநீர் ஓடும் ஹீட்டர் குழாய்மேல் அவனுடைய குட்டிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“பஸ்ஸை எடுத்துக்கோ” என்று ட்ரெவர் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கும் அவர் பஸ்ஸைத்தான் எடுத்துக்கொள்வார். “கார்டைத் தட்டி ஏறறே. ரெண்டு தடவை, மூணு தடவை. ஒருநாள் வரம்பு தொட்டாச்சுன்னா அப்புறம் ராத்திரி வரைக்கும் எத்தனை தடவை ஏறினாலும் காசு கிடையாது. ஹீட்டரும் அதேதான்.”

“என் மீட்டர்ல அப்படி இல்லையே, அங்கிள்” என்றாள் நஸ்ரீன். “நான் முன்னாலேயே பணம் போட்டுத்தான் எரிக்கறேன். பணம் தீர்ந்துதுன்னா இருட்டுதான். இதோட மூணு தடவை சொல்லிட்டேன்.”

“அது வேற மாதிரி மீட்டரும்மா. அந்த வண்டியே வேற ரூட்டு.”

வால்டர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளெண்டா கதவருகே நின்று இதைக் கேட்டாள். காலையிலிருந்து உறுத்திய நார் வெளியே வந்தது. இவருக்கு எங்கே பிசகியது என்று இப்போதுதான் தெரிந்தது. முப்பத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டி. இறங்கிய பிறகும் மனிதர் அதற்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதரின் தவறை நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டுவது எளிது. சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்வதற்குத்தான் அன்பு வேண்டும்.

“ட்ரெவர், பன் ஆறிடுச்சு. தட்டு தூக்க ஒரு கை வேணும்.”

உள்ளே வந்தார். அவள் கதவைச் சாத்தினாள். தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இந்த பன்னை ஐம்பது பென்ஸுக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம் வருதுன்னு வச்சுக்கோ.”

“நல்ல சட்டம்.”

“நீ பத்து பன் திங்கறே. எவ்வளவு குடுப்பே?”

“அஞ்சு பவுண்ட்.”

“ஏன்? அதான் ஐம்பது பென்ஸ்னு வரம்பு இருக்கே?”

“அது ஒரு பன்னுக்குத்தானே, க்ளெண்டா. பத்து தின்னா பத்துக்கும்...”

அங்கே நின்றார். பன்னைப் பார்த்தார். தட்டைப் பிடிக்க எடுத்த துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“யார் சொன்னா?”

“கம்பெனில கேட்டேன்.”

“எவ்வளவு?”

சொன்னாள். லேண்டுட்னோவைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

“நான் சர்ச்ல எழுந்து நின்னு சொன்னேன்” என்றார் ட்ரெவர். அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது. “தொண்டையைக் கனைச்சுக்கிட்டு வேற சொன்னேன்.”

“தெரியும். நான் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கும்தான் தோணல.”

அவர் முன்னறைக்குத் திரும்பிப் போனார். சன்னலிலிருந்து அட்டையைக் கழற்றி, எழுத்து கீழே போகும்படி மேசைமேல் வைத்தார். பிறகு, நிறுத்தத்தில் பயணிகளிடம் வண்டி பழுதாகிவிட்டது என்று சொல்கிற ஓட்டுநர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“நான் சொன்னது எல்லாம் தப்பு. பில்லுக்கு வரம்பு கிடையாது. விலைக்குத்தான் வரம்பு. நஸ்ரீன், நீ மூணு தடவை சொன்னே. நான்தான் காது குடுக்கல. மன்னிச்சுக்கோம்மா.”

நஸ்ரீன் எழுந்து குழாய்மேல் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். கை அவசரமாகப் போயிற்று.

“அதை ஏன் எடுக்கறே?”

“அங்கிள், இவ்வளவு நாளா எங்களால...”

“வை அதை. பாதி ஈரம்.” க்ளெண்டா சட்டைகளைப் பிடுங்கி மறுபடி குழாய்மேல் போட்டாள்.

“போன வருஷம் குளிர்ல இவன் பொறக்கவே இல்ல” என்றாள் நஸ்ரீன். “ஆனா இவன் அண்ணனுக்கு டிசம்பர் முழுக்க நெஞ்சுச் சளி. இந்தத் தடவை இவனுக்கு ஒரு தும்மல் கூட இல்ல. அது உங்க தப்புதான், அங்கிள்.”

ட்ரெவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அப்போதுதான் வால்டர் குவளையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பழைய மீட்டர்காரர்கள் வைத்திருக்கும் நீளவாக்கு நோட்டு.

“ஜனவரிலயும் விலை மாறிச்சே, டிசம்பர் முப்பத்தொண்ணு ரீடிங் வேணுமா?” என்று கேட்டார். “இதுல இருக்கு. நான் இங்க வர ஆரம்பிச்ச நவம்பர் ஒன்பதுலேர்ந்து எல்லா நாளும் இருக்கு.”

க்ளெண்டா நோட்டை வாங்கிப் பார்த்தாள். தேதி, எண். தேதி, எண். அச்சு மாதிரி எழுத்து.

“எங்க மீட்டரா?”

“கோட்டு மாட்டற இடத்துலதானே இருக்கு. முப்பது வருஷப் பழக்கம். மீட்டரைப் பார்த்தா கண்ணு நம்பர்மேலதான் போகும். வீட்டுக்குப் போய் எழுதி வச்சுடுவேன்.”

ட்ரெவர் மெதுவாகத் திரும்பினார். “அப்போ நவம்பர்லேயே உங்களுக்குத் தெரியும்.”

“மொத நாளே தெரியும்.”

“நாலு மாசமா என் எதிர்ல உக்காந்து, என் டீயைக் குடிச்சுக்கிட்டு, நான் பஸ் கதை சொல்றதைக் கேட்டுட்டு...”

“ஆமா.”

“ஏன் வால்டர்?”

யூசுஃப் மேசைமேல் இருந்த அட்டையின் மூலையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். யாரும் பிடுங்கவில்லை.

“என் வீட்லயும் ஹீட்டர் இருக்கு. நல்லாவே ஓடும்” என்றார் வால்டர். “ஆனா அங்க யாரும் பேசறதில்ல. தினமும் காலைல சொல்லிடணும்னுதான் கிளம்புவேன். வாசல்ல நீ ‘வாங்க மகாராஜா, உங்க சிம்மாசனம் காலியா இருக்கு’ம்பே. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தோணும். சொன்னா நீ அட்டையைக் கழட்டிடுவியே.”

ட்ரெவரின் தாடை இறுகியது. க்ளெண்டாவுக்குத் தன் கணவரின் கோபம் தெரியும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பிரேக் பிடிக்காது. அவள் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்:

“நான் சொன்னதை நம்பி வேற யாராவது... ஆலயத்துல யாராவது இப்படி எரிச்சாங்களா, தெரியுமா?”

வால்டர் தலையாட்டினார். “மத்தவங்க சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. உன் அக்கா எழுதிக்கிட்டாங்க.”

ஹேசல். மலைமேல் தனி வீடு. எல்லா அறையிலும் ஹீட்டர். தம்பி ஐந்து வயதில் சொன்ன பொய்யைக்கூட நம்பி, அவனுக்காகப் பிரம்படி வாங்கியவர். அவரும் மீட்டர் எண் அனுப்புகிற ஆள் இல்லை. இன்றைக்கு அனுப்பாவிட்டால் அவர் குளிர்காலத்தில் ஒரு பங்கு நாளைய விலையில் ஏறும்.

ட்ரெவர் தொலைபேசினார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

அவர் மாடிப்படி அடிக்குப் போய்த் தன் கோட்டை எடுத்தார். பக்கத்தில் தொங்கிய இன்னொரு கோட்டையும் எடுத்தார். முன்னறைக்கு வந்து அதை வால்டரின் மடியில் போட்டார். மனிதன் தான் மன்னிப்புக் கேட்கக் கிளம்பும் வேளையில்தான் பிறரை மன்னிக்கும் அறிவு அவனுக்கு வருகிறது. ஆண்டவர் அதை அப்படித்தான் வைத்திருக்கிறார்.

“ஹேசல் வீட்டு மீட்டர் நிலவறைல இருக்கு. ஒரே இருட்டு. உங்ககிட்ட டார்ச் இருக்கா?”

வால்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் கொஞ்சம் நனைந்திருந்தது. “மீட்டர்காரன்கிட்ட டார்ச் இருக்கான்னு கேக்கற மொத ஆள் நீதான்.”

“அப்ப எழுந்திருங்க, மகாராஜா.”

க்ளெண்டா ஒரு காகிதப் பையில் ஆறு பன்களைப் போட்டுக் கொடுத்தாள். “முதல்ல பன்னைக் குடு. அப்புறம் சொல்லு” என்றாள். “டிசம்பர் ரீடிங்கை நான் கேலம்கிட்ட சொல்றேன். இன்னொரு நாற்பது நிமிஷம் வயலின் கேக்கணும், அவ்வளவுதானே.”

மலைக்குப் போகும் பேருந்தில் இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். வழி முழுக்க ட்ரெவர் உதட்டசைத்து ஒத்திகை பார்த்தார். ‘ஹேசல், ஒரு விஷயம். ஹேசல், கோவிச்சுக்காதே. ஹேசல்...’ ஒரு பெண் ஏறிக் கார்டைத் தட்டினாள். கருவி பீப் என்றது.

“இந்த வண்டிக்குள்ள மட்டும் நீ சொன்னது சரிதான்” என்றார் வால்டர்.

“பேசாம வாங்க.”

கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். காற்று முகத்தில் அறைந்தது. புல் மேட்டில் செம்மறியாடுகள் கல்சுவரை ஒட்டி ஒண்டிக்கொண்டிருந்தன. வளைவு திரும்பியதும் ஹேசலின் வீடு தெரிந்தது. ட்ரெவர் நின்றுவிட்டார்.

வீட்டின் எல்லாச் சன்னல்களும் விரியத் திறந்திருந்தன. மேல்மாடியில் திரைச்சீலைகள் வெளியே பறந்துகொண்டிருந்தன.

“ஏதோ ஆயிடுச்சு” என்று ட்ரெவர் ஓட ஆரம்பித்தார். அறுபத்தேழு வயதில், பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

கதவும் திறந்தே இருந்தது. உள்ளிருந்து கோடைக்கால ஜூலை மாதம் வெளியே வந்தது. கூடத்தில் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதன் எதிரே ஹேசல், கையில்லாத பூப்போட்ட கோடை உடையில், கால்களை ஒரு முக்காலிமேல் நீட்டி, ஆலயத்தின் அறிவிப்புத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

“டேய் ட்ரெவர்! ஃபோன் அடிச்சது நீயா? இந்தப் புழுக்கத்துல எழுந்திருக்க முடியல.” வால்டரையும் பார்த்துக் கையசைத்தார். “உள்ள வாங்க, கதவைச் சாத்திடாதீங்க. நீ சொன்னியே அந்த வரம்பு, அதைப் புது வருஷத்துக்கு... இல்ல, கிறிஸ்மஸுக்கே தாண்டிட்டேன்னு நெனைக்கறேன். இனிமே எனக்கு எல்லாம் இலவசம்தானே?”

ட்ரெவர் பன் பையை அவர் மடியில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

அவருக்குப் பின்னால், நிலவறைப் படியில், வால்டரின் டார்ச் எரிந்தது.